கட்டி தட்டுப்பட்டால்: ஊசி முதல் பிளவுஸ் வரை

மார்பில் கட்டி என்று தெரிந்ததும் வீட்டில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போ?" என்பதுதான். என் வீட்டுக்காரர் கேட்டார், அண்ணன் கேட்டார், தைத்த துணியை வாங்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். வரிசைப்படி பார்த்தால் அந்தக் கேள்வி நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டியது. அதற்கு முன்னால் சில காகிதங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

நான் ராஜபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை. 49 வயதில் இடது மார்பில் புற்றுநோய் வந்து, கீமோ மருந்து, ஆபரேஷன், கரண்ட் என்று நாம் சொல்கிற கதிர்வீச்சு எல்லாம் முடித்து, இப்போது மாத்திரையில் இருக்கிறேன். அளவு கொடுக்க வருகிற பெண்களில் சிலர் திரைக்குப் பின்னால் போனதும் குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கும் இங்க ஒண்ணு தட்டுப்படுது" என்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன். யாருக்கு என்ன வைத்தியம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

எப்போது போக வேண்டும்

வலித்தால்தான் நோய் என்று நம் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லை என்பதாலேயே, மகள் பரீட்சை முடியட்டும், பங்குனிப் பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போடுகிறோம். புதிதாக ஒரு கட்டி அல்லது தடிப்பு, அக்குளில் நெறி கட்டுவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, தோலில் குழி விழுவது, தோல் தடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரிவது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, இவற்றில் எது வந்தாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லையே என்று மட்டும் பயப்பட வேண்டாம். இத்தனை வருஷம் டேப் பிடித்ததில், இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக இருந்தவர்களை நான் பார்த்தது அபூர்வம். புதிதாக மாறியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் கிடையாது. நார்க்கட்டி இருக்கலாம், நீர்க்கட்டி இருக்கலாம். ஆனால் தொட்டுப் பார்த்துவிட்டு "இது ஒண்ணுமில்ல" என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் பக்கத்து வீட்டு மதினிக்கும் தகுதி இல்லை. எண்ணெய் போட்டு நீவுவது, பத்துப் போடுவது, ஒத்தடம் கொடுப்பது எல்லாம் நாளைக் கடத்தத்தான் உதவும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கையால் பார்க்கட்டுமா என்று கேட்டால் கூச்சப்படாமல் சரி என்று சொல்லுங்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-இல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். நோய் முன்கூட்டியே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது.

மூன்று சோதனை, மூன்றும் வேண்டும்

டாக்டர் கையால் பார்ப்பது ஒன்று. மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமும் ஸ்கேனும் சேர்ந்து இரண்டாவது. ஊசியால் துளி சதை எடுத்து லேப்பில் பார்க்கும் பயாப்சி மூன்றாவது. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் முடிவுக்கு வர வேண்டும். ஒன்று நல்லது என்றும் இன்னொன்று சந்தேகம் என்றும் சொன்னால், சந்தேகத்தைத் தீர்க்கும்வரை விடக் கூடாது.

மேமோகிராமுக்குப் போகிற அன்று பவுடர், வாசனை ஸ்பிரே எதுவும் போடாதீர்கள். அந்தத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளியாக விழுந்து வீண் குழப்பத்தை உண்டாக்கும். சேலையோ சுடிதார் டாப்போ, மேலே மட்டும் கழற்ற வசதியான உடுப்பாகப் போட்டுப் போங்கள். மாதவிலக்கு நிற்காதவர்கள், கட்டி எதுவும் இல்லாமல் சும்மா பரிசோதனைக்குப் போவதென்றால், விலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். சில விநாடிதான், ஆனால் அழுத்தம் நிஜமாகவே இருக்கும்.

ரிப்போர்ட்டின் கடைசியில் 'பைராட்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். நேராக அதைப் பாருங்கள். 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, பெரும்பாலும் ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். 4, 5 என்றால் பயாப்சி எடுத்தே ஆக வேண்டும். 0 என்று இருந்தால் நல்ல செய்தி என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

ஊசிக்குப் பயப்படாதீர்கள்

எனக்கு முதலில் பார்த்த இடத்தில், "சின்னக் கட்டிதான், நாளைக்கே எடுத்துடலாம், எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிப் பாப்போம்" என்றார்கள். கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது. என் தம்பி மனைவி விருதுநகரில் லேப்பில் வேலை பார்ப்பவள். அவள்தான் போனிலேயே சத்தம் போட்டாள்: "மதினி, ஊசி போட்டுப் பாக்காம யாரையும் கத்தி வைக்க விடாதீங்க." அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்கக் கூடாது என்று வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பவள் நான். அவள் சொன்னது சட்டென்று புரிந்துவிட்டது.

என்ன என்று தெரியாமல் கட்டியை மட்டும் நோண்டி எடுத்துவிட்டால், அது புற்றுநோயாக இருக்கும் பட்சத்தில் ஓரத்தில் செல்கள் மிச்சமிருக்கலாம். அக்குளைப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாவது ஆபரேஷன் வரும். சிலருக்குக் கீமோவை முதலில் கொடுத்துக் கட்டி கரைகிறதா என்று பார்ப்பதுதான் நல்ல வழி. கட்டியே இல்லை என்றால் எதைப் பார்ப்பது?

இப்போது எடுப்பது பெரும்பாலும் கோர் பயாப்சி, ட்ரூகட் என்றும் சொல்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே கொஞ்சம் பருமனான ஊசியை விட்டுச் சின்னச் சின்ன நூல் துண்டுகளாகச் சதை எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை முன்கூட்டியே சொன்னால் திடுக்கிட மாட்டோம், பலர் சொல்வதில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு நாள் கன்றிப்போய் நீலமாக இருக்கும். மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி.யில் செல் மட்டும்தான் வரும். வைத்தியத்தைத் தீர்மானிக்கிற மற்ற சோதனைகளுக்குச் சதைத் துண்டு வேண்டும் என்பதால் கோர் பயாப்சிதான் கேட்க வேண்டியது.

"ஊசி குத்தினா பரவிடும்" என்று யாராவது ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்வார். அதைக் கேட்டு ஓடிப்போனவர்களை எனக்குத் தெரியும். பரவுவது ஊசியால் இல்லை, காத்திருப்பதால்.

பயாப்சி ரிப்போர்ட்டைப் படிப்பது

தமிழில் யாரும் ரிப்போர்ட் தருவதில்லை. ஆனால் பார்க்க வேண்டிய இடம் நாலைந்துதான்.

'இன்வேசிவ்' என்ற வார்த்தை இருந்தால், பால் குழாயின் சுவரைத் தாண்டிச் செல்கள் வெளியே வந்துவிட்டன என்று பொருள். 'இன் சிட்டு' என்று மட்டும் இருந்தால் குழாய்க்குள்ளேயே இருக்கிறது, நல்ல நிலைமை.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. கிரேடு 3 என்று பார்த்துவிட்டு மூன்றாம் ஸ்டேஜ் வந்துவிட்டது என்று ஒரு குடும்பமே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். கிரேடு, 1 முதல் 3 வரை, செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதைச் சொல்வது. ஸ்டேஜ், 1 முதல் 4 வரை, நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வது. கிரேடு 3, ஸ்டேஜ் 1 என்று ஒருவருக்கு இருக்கலாம்.

அடுத்து ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. இந்த மூன்றும் இல்லாத பயாப்சி ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட். ஐ.எச்.சி. என்ற தனிச் சோதனையில் வரும், கூடுதல் பணமும் சில நாளும் ஆகும். ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் என்றால் ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை, மாத்திரையால் அடக்கலாம். ஹெர்-2 என்பது செல்லைப் பெருகத் தூண்டுகிற ஒரு புரதம், அதற்கு மதிப்பெண் உண்டு. 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ், அதற்கென்றே டிராஸ்டுசுமாப் என்ற மருந்து இருக்கிறது. 2+ என்று வந்தால் ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்துதான் முடிவு சொல்ல முடியும். அது செய்யவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். மூன்றுமே நெகட்டிவ் என்றால் டிரிபிள் நெகட்டிவ், அதற்குக் கீமோ முக்கியம்.

இன்னொன்று. உங்கள் சதைத் துண்டை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று லேப்பில் வைத்திருப்பார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகலாம். பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் அதைத் திரும்பப் பார்த்த பிறகே வைத்தியம் தொடங்குவார்கள். அதற்காக மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை.

எது முதலில்

என் கட்டி 4 சென்டிமீட்டர். பக்கத்தில் தள்ளி இன்னொன்று. அக்குளில் நெறி. ஹெர்-2 3+. இப்படி வந்தால் பெரும்பாலும் கீமோவும் டிராஸ்டுசுமாபும் முதலில், ஆபரேஷன் பிறகு. "ஆபரேஷன் பண்ண முடியாத அளவுக்குப் போயிடுச்சா?" என்று என் அண்ணன் பயந்தார். இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிகிறது, கட்டி சுருங்கினால் சின்ன ஆபரேஷனே போதுமானதாகலாம். அதற்காகத்தான் இந்த வரிசை. சின்னக் கட்டி, ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் என்றால் ஆபரேஷன்தான் முதலில் வரும்.

கீமோ முதலில் என்று முடிவானால் ஒரு கேள்வி கேட்டே ஆகுங்கள்: "கிளிப் வைக்கிறீங்களா?" கட்டி இருந்த இடத்தில் துளியூண்டு உலோகக் கிளிப்பை ஊசியால் வைத்துவிடுவார்கள். மருந்தில் கட்டி முழுக்கக் கரைந்துபோனால், ஆபரேஷனில் எங்கே வெட்டுவது என்று காட்டுவது அந்தக் கிளிப்தான்.

உடம்பில் வேறு எங்காவது நோய் போயிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்லை. சின்னக் கட்டி, அக்குள் சுத்தம், வேறு தொந்தரவு இல்லை என்றால் அதை எடுப்பதால் பெரிய லாபம் கிடையாது. கட்டி பெரிது, நெறி இருக்கிறது என்றால் தேவை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அரசு ஆஸ்பத்திரியிலும் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். பயாப்சி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற நாட்களிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள், வீட்டில் சும்மா இருக்கிற ஆளுக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கும். எதைத் திட்டம் தருகிறது, எதற்கு நாம் கட்ட வேண்டும் என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுன்டரில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். டிராஸ்டுசுமாபுக்கு 2014 முதல் இந்தியக் கம்பெனிகளின் மாற்று மருந்துகளும் கிடைக்கின்றன. எந்தக் கம்பெனி, என்ன விலை என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டுமா

"முழுசா எடுத்துட்டா நிம்மதி" என்பார்கள். அந்த எண்ணத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற டாக்டர் 1890-களில் மார்பையும் அடியில் உள்ள தசையையும் அக்குளையும் சேர்த்து எடுக்கும் முறையைப் பரப்பினார். பிறகு இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும், சிலருக்கு முழுதாக எடுத்தும் சிலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தும் 20 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது. உயிர் பிழைப்பதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

எனக்கு இரண்டு கட்டியும் தள்ளித் தள்ளி இருந்ததால் முழுதாக எடுத்தார்கள். என் கடைக்கு வரும் டீச்சர் ஒருவருக்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள், ஆனால் கரண்ட் கட்டாயம் என்று சொல்லித்தான் செய்தார்கள். கரண்டுக்குத் தினமும் வர முடியுமா, அந்த வசதி எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்து முடிவு எடுங்கள். டாக்டர் "ரெண்டும் பண்ணலாம்" என்றால் முடிவு உங்களுடையது. புருஷன், மாமியார், அண்ணன் எல்லாரும் கருத்துச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அந்த டீச்சருக்கு அக்குளில் நெறி இல்லாததால் சென்டினல் நோடு மட்டும் எடுத்தார்கள். மார்பிலிருந்து வரும் நிணநீர் முதலில் போய்ச் சேருகிற ஒன்றிரண்டு கணுக்களை நீலச் சாயம் விட்டுக் கண்டுபிடிப்பது. அதில் நோய் இல்லை என்றால் மிச்சத்தைத் தொட வேண்டாம். மறுநாள் ஒன்றுக்குப் போனவர், பச்சை நீலமாக வருகிறது என்று அலறிவிட்டாராம். சாயம்தான், ஓரிரு நாளில் போய்விடும்.

டிரெயின் டப்பாவோடு

ஆபரேஷனுக்கு முந்தைய ஏற்பாடுகளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் தாங்களாகவே முதலில் சொல்லிவிட வேண்டும். தாலி, மெட்டி, வளையல் எல்லாம் கழற்றச் சொல்வார்கள். தங்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போனால் அங்கே அழுது நிற்க வேண்டியதில்லை.

கண் விழிக்கும்போது பக்கவாட்டில் ஒரு குழாயும் அதன் முனையில் அமுக்கி வைத்த பிளாஸ்டிக் டப்பாவும் இருக்கும். சிலருக்கு இரண்டு குழாய். உள்ளே ஊறும் நீரை அந்த டப்பா இழுத்து வெளியே எடுக்கும். பெரும்பாலும் அதோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒருவர் அதைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும், எனக்கு என் மகள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, தினம் அதே நேரத்தில் டப்பாவைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று தேதி போட்டு எழுதுங்கள். டப்பாவை மறுபடி நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகு மூடுங்கள். அமுக்காமல் மூடினால் இழுக்காது. குழாயில் கட்டி கட்டியாக ரத்தம் நின்றால், உடம்புப் பக்கம் குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டப்பாவை நோக்கி நீவிவிடுங்கள். முதலில் சிவப்பாக வரும், பிறகு ரோஸ், கடைசியில் வைக்கோல் மஞ்சள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் குழாயை எடுப்பார்கள். ஒரு வாரத்திலும் வரலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பக்கத்து பெட்காரருக்குச் சீக்கிரம் எடுத்தார்களே என்று மனதைப் போட்டுக் குழப்ப வேண்டாம். திடீரென்று புது ரத்தமாகச் சிவப்பாக வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

டப்பா தொங்கினால் தையல் போட்ட இடத்தில் சுள்ளென்று இழுக்கும். பழைய பருத்திச் சேலையில் ஒரு ஜானுக்கு ஒரு ஜான் பை தைத்து, அகலமான நாடா வைத்து, குறுக்கே மாட்டிக்கொள்ளுங்கள். நாடா ஆபரேஷன் செய்யாத தோளில் இருக்க வேண்டும். முன்னால் ஜிப் வைத்த நைட்டி இரண்டு இருந்தால் போதும். காயத்துக்குப் போட்ட கட்டுத்துணியைப் பார்த்தபோது, எங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறியில் நெய்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஊரே பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் அது.

குழாயை எடுத்த பிறகு அந்த இடத்தில் நீர் கோத்து மெத்தென்று வீங்கினால் பயப்பட வேண்டாம். ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், தோல் மரத்திருப்பதால் வலியே தெரியாது. மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போவதும் சகஜம். அக்குள் வழியாகப் போகிற நரம்பு ஒன்று ஆபரேஷனில் அடிபடுவதால் வருவது. எனக்கு இன்றைக்கும் அந்தப் பக்கம் சேலைத் தலைப்பு உரசுவது தெரியாது.

கையை அசைக்காமல் இருந்தால்

இதைத்தான் நம் பெண்களிடம் அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. "பச்சை உடம்பு, கையை ஆட்டாதே" என்று வீட்டில் பாசமாகச் சொல்வார்கள், நாமும் கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்வோம். தோள் இறுகிவிடும். இறுகினால் தலை சீவ முடியாது, பின்னால் கொக்கி போட முடியாது. அதைவிட முக்கியம், கரண்ட் வைக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். தூக்க முடியவில்லை என்றால் அதைச் சரிசெய்யும்வரை கரண்ட் தள்ளிப்போகும்.

மறுநாளே விரலை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளை உருட்டுவது. குழாய் இருக்கும்வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம் என்பார்கள். குழாய் எடுத்த பிறகு, டாக்டர் சொன்னதும், சுவரில் விரலால் நடக்க வைப்பது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களை மெல்ல மேலே மேலே ஏற்றி, இழுப்பு தெரிகிற இடத்தில் பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். நான் கடைச் சுவரில் துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் ஒவ்வொரு வாரமும் எட்டிய உயரத்தைக் குறித்து வைத்தேன். ஒரு வாரம் கோடு ஏறவே இல்லை. அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கடியில் கயிறு இழுத்துக் கட்டியதுபோல் ஒன்று தடித்திருந்தது. பிசியோதெரபி செய்யும் பெண், அக்குள் ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு வருவதுதான் என்று சொல்லி நீவி இழுத்துவிட்டுச் சரிசெய்தார்.

அக்குளை முழுக்கச் சுத்தம் செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பின்னால் கை வீங்கும். சென்டினல் மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான். அந்தக் கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கொழுப்புக் கூடாமல் எடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தையல்காரிக்கு ஊசி குத்தாத நாள் ஏது? அந்தக் கை விரலில் ஊசி ஏறாமல் இருக்க உலோகத் தொப்பி மாட்டிக்கொள்ளப் பழகினேன். பாத்திரம் தேய்க்க, செடி பிடுங்க ரப்பர் கையுறை. வளையல் திடீரென்று இறுகினாலோ கை கனத்தாலோ அப்போதே காட்டினால் அழுத்த உறை போட்டுக் கட்டுப்படுத்தலாம். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

ஆபரேஷன் ரிப்போர்ட், கரண்ட், மாத்திரை

எடுத்ததை லேப்பில் பார்த்து ஒரு பெரிய ரிப்போர்ட் வரும். அதில் 'மார்ஜின்' நெகட்டிவா என்று பாருங்கள், ஓரத்தில் நோய் இல்லை என்று அர்த்தம். அடுத்து 2/14 மாதிரி ஒரு கணக்கு இருக்கும். 14 கணு எடுத்ததில் இரண்டில் நோய் என்று பொருள். முன்பே கீமோ எடுத்தவர்களுக்குக் கட்டி முழுக்கக் கரைந்ததா என்பதும் அதில் இருக்கும். அதைப் பொறுத்து அடுத்த மருந்து மாறலாம்.

கீமோவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: வீட்டில் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரி தொட்டால் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டுப் படுத்துத் தூங்கக் கூடாது.

கரண்ட் இப்போது பலருக்கும் மூன்று வாரத்தில், 15 அல்லது 16 தடவையில் முடிந்துவிடுகிறது. வலி கிடையாது. தோல் கறுக்கும், களைப்பு இருக்கும். மார்பில் போடும் கோடுகளைத் தேய்த்துக் குளிக்காதீர்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் பிறகு மாத்திரை. மாதவிலக்கு நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமாக்சிஃபென் 20 மில்லிகிராம், நின்றவர்களுக்கு லெட்ரோசோல் மாதிரி ஒன்று. குறைந்தது ஐந்து வருஷம். உடம்பு நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. நிறுத்தாதீர்கள். டமாக்சிஃபென் சாப்பிடும்போது, விலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே சொல்லுங்கள். லெட்ரோசோலில் மூட்டு வலிக்கும், எலும்பு தேயும், அதனால் எலும்பு அடர்த்திச் சோதனை உண்டு. டிராஸ்டுசுமாப் எடுப்பவர்கள் மொத்தம் ஒரு வருஷம் எடுக்க வேண்டும், இடையிடையே எக்கோ எடுத்து இதயத்தைப் பார்ப்பார்கள்.

பிளவுஸ்

என் தொழில் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதை ஆஸ்பத்திரியில் யாரும் சொல்வதில்லை.

காயம் முழுக்க ஆறும்வரை கனமான எதையும் உள்ளே வைக்கக் கூடாது. மெல்லிய மல் துணியில் உறை தைத்துத் துவைக்கக்கூடிய பஞ்சு அடைத்துக்கொள்ளலாம். இலவம்பஞ்சு வேண்டாம், வியர்வையில் கட்டி தட்டிப்போகும். பிறகு சிலிக்கானில் செய்தது வாங்கலாம், விலை அதிகம். நானே தைப்பதென்றால் பஞ்சு உறைக்குள் ஒரு சின்னக் கடுகுப் பொட்டலம் வைப்பேன். எடை வேண்டும். எடை இல்லையென்றால் அந்தப் பக்கம் பிளவுஸ் மேலே ஏறிக்கொண்டே இருக்கும், தோளும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கப் பழகிவிடும். துவைக்கும்போது பொட்டலத்தை எடுத்துவிட வேண்டும், மறந்தால் முளைத்துவிடும்.

பிளவுஸில் அந்தப் பக்கக் கைக்குழியைத் தளர்த்துங்கள், கையை இரண்டு அங்குலமாவது லூசாக வையுங்கள், கைச் சுற்றில் எலாஸ்டிக் கூடாது. அக்குள் தையல் தடிப்பாக ஓவர்லாக் போட்டால் மரத்த இடத்தில் உரசிப் புண்ணானாலும் தெரியாது, அதனால் மடித்துத் தட்டையாகத் தைக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பருத்திப் பை, மேல் பக்கம் மட்டும் திறந்து. கட்டோரி வெட்டு வேண்டாம், கிண்ண அளவு இரண்டு பக்கமும் ஒத்து வராது. பிரின்சஸ் கட் சரியாக வரும். கழுத்து ஓர் அங்குலம் மேலே. உள் தையலில் துணி தாராளமாக விடச் சொல்லுங்கள், மாத்திரையில் உடம்பு போடும். தையல்காரரிடம் காரணத்தைச் சொல்ல விருப்பமில்லை என்றால், "ஒரு பக்கம் ஆபரேஷன்" என்ற இரண்டு வார்த்தை போதும். நல்ல தையல்காரர் அதற்கு மேல் கேட்க மாட்டார்.

மார்பைத் திரும்ப அமைக்கும் ஆபரேஷனும் இருக்கிறது. வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதை எடுத்து வைப்பார்கள், அல்லது சிலிக்கான். வேண்டுமென்றால் முதல் ஆபரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டும், கரண்ட் உண்டா என்பதைப் பொறுத்து எப்போது செய்வது என்று சொல்வார்கள். வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான்.

முடிந்த பிறகு

முதல் சில வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்ப்பார். வருஷத்துக்கு ஒருமுறை மிச்சமிருக்கும் மார்புக்கு மேமோகிராம். தொந்தரவு எதுவும் இல்லாமல் வருஷா வருஷம் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. விடாத முதுகு வலி, விடாத இருமல், காரணம் இல்லாமல் எடை குறைவது, தழும்பில் புதிதாக முடிச்சு, இவை வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் போக வேண்டும். பைலை வருஷ வாரியாக அடுக்கி வையுங்கள். பழைய படம் பக்கத்தில் இருந்தால்தான் புதிய படத்தில் என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

வீட்டுப் பெண்களையும் மறக்கக் கூடாது. சின்ன வயதில் வந்தவர்கள், டிரிபிள் நெகட்டிவ் உள்ளவர்கள், குடும்பத்தில் இன்னொருவருக்கு மார்பகமோ சினைப்பையோ பாதிக்கப்பட்டவர்கள், ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பம், இவர்கள், நோய் பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. ஜீன் சோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். முதலில் செய்ய வேண்டியது நோய் வந்தவருக்குத்தான், அதில் ஏதாவது இருந்தால் பிறகு மகளுக்கு. சோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும், தாய்க்கு வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்து மகளுக்குப் பரிசோதனை தொடங்கச் சொல்வது வழக்கம். என் மகளுக்கு அது 39 வயது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, இருந்தாலும் ரேஷன் கார்டு கவருக்குள் ஒரு சீட்டில் அந்த வருஷத்தை எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணமாகிப் போகும்போது கையோடு கொடுத்தனுப்ப வேண்டும்.